குப்பை அஞ்சல் பற்றிய புகார் யார் கைக்குப் போகிறது?

உங்கள் கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நாள்தோறும் நாற்பது ஐம்பது குப்பை அஞ்சல்கள் வருகின்றன, ஸ்பாம்காப் என்ற இணையப் புகார்ச் சேவையில் புகார் செய்தால் நிற்குமா என்பது முதலாவது. அவற்றில் சில உங்கள் சொந்த முகவரியிலிருந்தே உங்களுக்கு வருகின்றன, அது எப்படி என்பது இரண்டாவது. புகார் செய்தால் அனுப்பியவன் உங்களை அடையாளம் கண்டுகொள்வானா என்பது மூன்றாவது. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருக்கும் அறுநூறு அஞ்சல்களையும் மொத்தமாக அனுப்பிவிடலாமா என்பது நான்காவது. சிறு நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களை, அதாவது அஞ்சலை வாங்கி அனுப்பும் கணினிகளை, பராமரிப்பது என் தொழில். நான் புகார் செய்தும் இருக்கிறேன், என் பொறுப்பில் இருந்த சர்வர் மீது புகார் வாங்கியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் பெட்டிக்கு வரும் குப்பை அதனால் நிற்காது. அந்த எதிர்பார்ப்போடு தொடங்குகிறவர்கள் பத்தே நாளில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். புகார் போய்ச் சேரும் இடம் வேறு. குப்பை அனுப்புகிறவன் பெரும்பாலும் தன் சொந்தக் கணினியிலிருந்து அனுப்புவதில்லை. யாரோ ஒருவருடைய கடவுச்சொல்லைத் திருடி, யாரோ ஒருவருடைய சர்வரில் நுழைந்து, அங்கிருந்து அனுப்புகிறான். உங்கள் புகார் அந்த சர்வரைப் பராமரிப்பவரிடமோ, அதற்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடமோ போகிறது. திருட்டு வண்டியில் வந்து ஒருவன் உங்கள் வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போனால், வண்டி எண்ணைக் குறித்து வண்டிக்காரருக்குத் தகவல் சொல்வது போன்றது இது. பல நேரம் வண்டி களவு போனதே அவருக்குத் தெரிந்திருக்காது.

இதில் என்ன பயன் என்று கேட்கலாம். இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. 2008 நவம்பரில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்றொரு சர்வர் வாடகை நிறுவனம் இருந்தது. உலகெங்கும் குப்பை அனுப்பிய பல பெரிய கும்பல்கள் தங்கள் கட்டுப்பாட்டுக் கணினிகளை அங்கேதான் வைத்திருந்தன. அந்த நிறுவனத்துக்கு இணைய இணைப்புக் கொடுத்துவந்த இரண்டு பெரிய நிறுவனங்களிடம் ஆதாரங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். நவம்பர் 11 அன்று இரண்டுமே இணைப்பைத் துண்டித்தன. ஒரே நாளில் உலகத்தின் குப்பை அஞ்சல் அளவு பாதிக்கும் மேல் சரிந்தது. சில மாதங்களில் வேறு வழியாக மீண்டும் ஏறிவிட்டது உண்மைதான். ஆனாலும் யாருடைய கை சுவிட்சின் மேல் இருக்கிறது என்பதை அந்த நாள் எல்லோருக்கும் காட்டியது. உங்கள் புகாரும் அந்தக் கையைத் தேடித்தான் போகிறது.

இனி இரண்டாவது கேள்வி. மற்ற எல்லாமே இதைப் புரிந்துகொள்வதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டில் பழைய இன்லாண்ட் கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்புறம் அனுப்புநர் முகவரி எழுத ஓர் இடம் இருக்கும். அங்கே யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் பெயரையே எழுதி உங்களுக்கே அனுப்பலாம், அஞ்சலகம் அதைச் சரிபார்ப்பதில்லை. ஆனால் கடிதத்தின் மேல் முத்திரைகள் விழுந்திருக்கும். சேர்த்த ஊரின் முத்திரை ஒன்று, வந்து சேர்ந்த ஊரின் முத்திரை இன்னொன்று. அவற்றை அனுப்புகிறவர் போடுவதில்லை, கடிதத்தைக் கையில் வாங்கிய அஞ்சலகம் போடுகிறது.

மின்னஞ்சலும் அப்படியே. நீங்கள் பார்க்கும் அனுப்புநர் வரி, கடிதத்துக்குள் அனுப்பியவனே எழுதிக்கொண்டது. அதில் உங்கள் முகவரி இருப்பதால் உங்கள் கணக்குக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகப் பொருள் இல்லை. “உங்கள் கணக்கிலிருந்தே எழுதுகிறேன், உங்கள் கணினி என் கையில் இருக்கிறது, பிட்காயின் அனுப்பு” என்று மிரட்டும் அஞ்சல்கள் இந்தப் பயத்தைத்தான் முதலாக வைத்துப் பிழைக்கின்றன. அதில் நீங்கள் உண்மையாகவே பயன்படுத்திய கடவுச்சொல் ஒன்று எழுதியிருந்தால், எப்போதோ ஏதோ ஓர் இணையத்தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் அது இருந்திருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் இன்றே மாற்றிவிடுங்கள். மிரட்டலுக்குப் பதில் எழுத வேண்டாம்.

முத்திரைகள் எங்கே இருக்கின்றன? எல்லா மின்னஞ்சல் சேவைகளிலும் அஞ்சலின் அசல் வடிவத்தைக் காட்டும் வசதி உண்டு. ஜிமெயிலில் அஞ்சலைத் திறந்து, வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கிறது. திறந்தவுடன் நாற்பது ஐம்பது வரிகள் புரியாத எழுத்துகளாக வந்து விழும். அஞ்ச வேண்டாம். அதில் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் தேடுங்கள். அவைதான் முத்திரைகள். அஞ்சலைக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. ஆகவே கீழிருந்து மேலாகப் படித்தால் அஞ்சல் வந்த பாதை தெரியும்.

ஆனால் நம்பிக்கையை மேலிருந்து கீழாகத்தான் வைக்க வேண்டும். காரணம், குப்பை அனுப்புகிறவன் அனுப்புவதற்கு முன்பே போலி முத்திரைகள் இரண்டு மூன்றைக் கீழே எழுதிவைத்துவிடுவான். அவனால் தொட முடியாதது, அவன் கையைவிட்டுப் போன பிறகு விழும் முத்திரை. அதாவது, உங்கள் அஞ்சல் சேவையின் சர்வர் எழுதியது.

அந்த ஒரு வரியை நெருங்கிப் பாருங்கள். ‘இன்ன பெயருள்ள சர்வரிடமிருந்து, அடைப்புக்குறிக்குள் 203.0.113.45, இன்ன சர்வர் பெற்றுக்கொண்டது, இன்ன கிழமை, இன்ன நேரம், +0530’ என்ற வடிவில் இருக்கும். (203.0.113 என்று தொடங்கும் எண்கள் விளக்கம் எழுதுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. யாரையும் குற்றம் சொல்லாமல் இருக்க அதை எடுத்துக்கொண்டேன்.) முதலில் வரும் பெயர், வந்தவன் வாசலில் நின்று தானாகச் சொல்லிக்கொண்ட பெயர். ஏதாவது வங்கியின் பெயரைக்கூடச் சொல்லியிருப்பான். அடைப்புக்குறிக்குள் இருப்பது வந்த கணினியின் ஐபி முகவரி, இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண். அதை உங்கள் சர்வர் தன் கண்ணால் பார்த்து எழுதியது. இணைப்பு ஏற்பட இரு பக்கமும் செய்தி போய் வந்தாக வேண்டும் என்பதால், போலியான ஐபி முகவரியை வைத்துக்கொண்டு ஒருவன் அஞ்சலை ஒப்படைத்துவிட முடியாது. கடைசியில் இருக்கும் +0530 நம் நாட்டு நேரம். சர்வர் வேறு நாட்டில் இருந்தால் அந்த எண் வேறாக இருக்கும். ஒரு நிகழ்வை நொடி பிசகாமல் தேட இது இல்லாமல் முடியாது.

முழு அஞ்சலிலும் உறுதியாக நம்பத்தக்க முதல் உண்மை அந்த ஒரு எண்தான். அதன் கீழே இருக்கும் முத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கலாம். மேல் வரியில் ‘இவரிடமிருந்து’ என்று இருக்கும் சர்வரும், அடுத்த வரியில் ‘பெற்றுக்கொண்டது’ என்று இருக்கும் சர்வரும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்கிலி எங்கே அறுகிறதோ, அங்கிருந்து கீழே உள்ளதெல்லாம் கட்டுக்கதை.

முன்பெல்லாம் இந்த வேலையைக் கையால் செய்தோம். எண்ணைக் கண்டுபிடித்து, அது யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று பதிவகத்தில் தேடி, அவர்களுடைய புகார் முகவரியைக் கண்டுபிடித்து, கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். ஐபி எண்களை ஒதுக்கும் பதிவகங்கள் உலகத்தில் ஐந்து. நமக்குரியது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இயங்கும் ஏப்னிக். இந்தியாவுக்குள் ஐரின் என்ற பதிவகம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ‘அபியூஸ்’ என்ற பெயரில் ஒரு புகார் முகவரி வைத்திருக்க வேண்டும் என்ற நடைமுறையை 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2142 என்ற ஆவணம் எழுதிவைத்தது. ஒரு அஞ்சலுக்கு இத்தனை வேலையென்றால் நாளுக்கு நாற்பதை யார் செய்வது? 1998இல் ஜூலியன் ஹெய்ட் என்ற அமெரிக்கர் இதை மென்பொருள் செய்யட்டும் என்று உருவாக்கியதுதான் ஸ்பாம்காப். 2003இல் அதை அயர்ன்போர்ட் என்ற மின்னஞ்சல் பாதுகாப்பு நிறுவனம் வாங்கியது. 2007இல் அந்த நிறுவனத்தையே சிஸ்கோ வாங்கிவிட்டது. புகார் செய்வதற்குக் கட்டணம் இல்லை.

பதிவு செய்துகொண்டால் உங்களுக்கென்று ஒரு ரகசிய முகவரி கொடுப்பார்கள். குப்பை அஞ்சலை அந்த முகவரிக்கு இணைப்பாக அனுப்ப வேண்டும். சாதாரணமாக ‘ஃபார்வர்டு’ செய்தால் முத்திரைகள் எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் உடல் மட்டும் போகும். உறையைக் கிழித்தெறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் காவல் நிலையத்தில் கொடுப்பதற்குச் சமம் அது. இணைப்பாக அனுப்ப வசதி இல்லையென்றால், அசல் வடிவம் முழுவதையும் நகலெடுத்துத் தளத்திலுள்ள பெட்டியில் ஒட்டலாம். ஒட்டும்போது ஒரு வரியைக்கூடத் திருத்தக் கூடாது. சாட்சியத்தில் கைவைத்த புகார் செல்லாது என்பது அவர்களின் விதி. நியாயமான விதி.

அனுப்பிய பிறகு ஒரு சுட்டி வரும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுட்டியைத் திறந்தால்தான் ஸ்பாம்காப் என்ன கண்டுபிடித்திருக்கிறது என்று காட்டும்: முத்திரைகளை எப்படிப் படித்தது, எந்த எண்ணை மூலம் என்று முடிவு செய்தது, யாருக்குப் புகார் அனுப்பப் போகிறது என்ற விவரம் அத்தனையும் இருக்கும். அதைப் படித்துப் பார்த்து, சரி என்று நீங்கள் அழுத்திய பிறகுதான் புகார் போகும். மென்பொருள் தன் கணிப்பைச் சொல்கிறது, பொறுப்பேற்பது நீங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அழுத்துவது எத்தனை பெரிய தவறு என்பதை நான் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டேன்.

அப்போது என்னிடம் இரண்டு முகவரிகள் இருந்தன. படித்த கல்லூரி கொடுத்த பழைய முகவரிக்கு வருவதெல்லாம் தானாகவே என் புதிய முகவரிக்கு வந்துவிடும்படி செய்திருந்தேன். அந்த வழியாக வந்த குப்பையில் மேல் முத்திரை யாருடையது? கல்லூரி சர்வரிடமிருந்து என் சேவை பெற்றுக்கொண்டதாக இருக்கும். ஸ்பாம்காப்புக்கு அந்தக் கல்லூரி என் தரப்பு ஆள் என்று தெரியாது. மூலம் அதுவே என்று முடிவு செய்தது. நானும் பார்க்காமல் அழுத்தினேன். மூன்று நாள் தொடர்ந்து கல்லூரியின் கணினி மையத்துக்குப் புகார் போயிருக்கிறது. அங்கே வேலை பார்த்த பெரியவர் எனக்கு எழுதிய கடிதத்தில் கோபமே இல்லை. “தம்பி, குப்பையைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான், ஆனால் கொட்டியவன் நான் இல்லை” என்று எழுதியிருந்தார். இன்றும் புகார் பொத்தானை அழுத்தும் முன் அந்த வரி நினைவுக்கு வருகிறது.

இதைத் தவிர்க்கவே ஸ்பாம்காப்பில் ‘மெயில்ஹோஸ்ட்ஸ்’ என்றொரு அமைப்பு இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு முகவரிக்கும் அவர்கள் சோதனை அஞ்சல் அனுப்புவார்கள். அதை முத்திரைகளோடு திருப்பி அனுப்பினால், உங்கள் அஞ்சல் வழக்கமாக எந்தெந்த சர்வர் வழியாக வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அவற்றைத் தாண்டித்தான் மூலத்தைத் தேடுவார்கள். முகவரி மாற்றிவிடும் ஏற்பாடு உங்களுக்கு இருந்தால், இதை முடிக்காமல் ஒரு புகாரும் அனுப்பாதீர்கள். கால் மணி நேர வேலைதான்.

புகார் வாங்கும் பக்கம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல புகார் எத்தனை மதிப்புள்ளது என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் அஞ்சல் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு பேக்கிங் லிஸ்ட் போகவில்லை, அனுப்ப அனுப்பத் திரும்பி வருகிறது. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. திரும்பி வந்த அஞ்சலைத் திறந்தால், எங்கள் ஐபி ஸ்பாம்காப் தடைப்பட்டியலில் இருப்பதால் ஏற்க முடியாது என்று எழுதியிருந்தது. என் கை நடுங்கியது. யாரும் பார்க்காமல் கிடந்த எங்கள் புகார் முகவரியைத் திறந்தேன். இரவோடு இரவாக வந்த புகார்கள் குவிந்திருந்தன.

அவற்றில் இரண்டு மட்டும் இன்னும் நினைவிருக்கின்றன. ஒன்றில், குப்பை அனுப்புவதை உடனே நிறுத்து, இல்லையென்றால் வழக்குப் போடுவேன் என்று மட்டும் இருந்தது. எந்த அஞ்சல், எப்போது வந்தது, எதுவும் இல்லை. எழுதியவரின் எரிச்சல் நியாயமானது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. மற்றொன்று ஸ்பாம்காப் வழியாக வந்தது. முழு முத்திரைகளும் இருந்தன. அதிகாலை 2 மணி 14 நிமிடம், நொடி உட்பட. அந்த நேரத்தை எங்கள் சர்வரின் பதிவேட்டில் தேடினேன். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவருடைய பெயரில், அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து உள்ளே நுழைந்திருந்தார்கள். போலி உள்நுழைவுப் பக்கத்தில் முந்தைய நாள் கடவுச்சொல்லைக் கொடுத்து ஏமாந்திருக்கிறார். வரிசையில் இன்னும் ஆயிரக்கணக்கான அஞ்சல்கள் கிளம்பக் காத்துக்கொண்டிருந்தன. கடவுச்சொல்லை மாற்றி, வரிசையைக் காலி செய்து, ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனைதான் போகலாம் என்று வரம்பு வைத்தேன். பத்தரை மணிக்கு எல்லாம் முடிந்தது. முகம் தெரியாத ஒருவர் தன் பெட்டிக்கு வந்த குப்பையை அழித்துவிட்டுப் போகாமல், ஒரு நிமிடம் செலவழித்து ஒழுங்காகப் புகார் செய்ததால்தான் எனக்குக் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று தெரிந்தது. அவருக்கு இன்றுவரை நான் கடன்பட்டிருக்கிறேன்.

தடைப்பட்டியல் என்று சொன்னேன் அல்லவா, புகாரின் இரண்டாவது பயன் அதுதான். குப்பை அனுப்பும் ஐபிகளின் பட்டியல் அது, அதைப் பார்த்து மற்ற சர்வர்கள் அஞ்சலை மறுக்கும். உங்கள் புகார் சர்வர்காரருக்குப் போவதோடு நிற்பதில்லை, ஸ்பாம்காப்பின் கணக்கிலும் ஏறுகிறது. பொறி முகவரிகள் என்று சிலவற்றையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தாத முகவரிகள் என்பதால் அங்கே வருவது குப்பையாக மட்டுமே இருக்க முடியும். புகார்கள், பொறியில் விழுந்தவை, அவை எத்தனை புதியவை, அதே ஐபியிலிருந்து நல்ல அஞ்சல் எவ்வளவு போகிறது, எல்லாவற்றையும் எடைபோட்டு ஐபி பட்டியலில் ஏறும். புதிய புகார் வராவிட்டால் 24 மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. திருப்பூர் சர்வர் மறுநாள் காலையிலேயே இறங்கிவிட்டது. தவறு செய்தவரைத் திருத்திக்கொள்ள விடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வேறு சில தடைப்பட்டியல்களில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலை நம்பியிருக்கும் சர்வர்கள் ஏராளம் என்பதால் அதிலே பிசகு வந்தால் விளைவும் பெரிது. 2021 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, ஸ்பாம்காப்பின் சொந்த டொமைன் பெயரே, அதாவது அதன் இணையத்தளப் பெயரே, புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. பட்டியல் இயங்கும் முறை இது: அஞ்சல் பெறும் சர்வர், வந்த ஐபியைத் தலைகீழாகத் திருப்பி அந்த டொமைனில் ஒரு பெயராகக் கேட்கும். 127.0.0.2 என்று பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறது, பதிலே வராவிட்டால் இல்லை. காலாவதியான டொமைன் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டதால், எந்த ஐபியைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் வந்தது. ஏதாவது பதில் வந்தாலே குற்றவாளி என்று அமைத்துவைத்திருந்த சர்வர்கள் அன்று நல்ல அஞ்சல்களையெல்லாம் திருப்பியடித்தன. பதில் 127.0.0.2 தானா என்று சரிபார்த்த சர்வர்கள் தப்பித்தன. நீங்கள் சர்வர் எதுவும் பராமரிப்பவர் என்றால், இன்று மாலை உங்கள் அமைப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாற்றமும் காத்திருக்கிறது. சில நிறுவனங்கள் ஸ்பாம்காப் புகார்களை வாங்க மறுத்துவிட்டன. அப்படிப்பட்ட ஐபி வந்தால் ஸ்பாம்காப் வெளியே எதையும் அனுப்பாமல் கணக்குக்காக மட்டும் குறித்துக்கொள்ளும். பக்கத்தில் ‘டெவ்நல்’ என்று தெரிந்தால் அதுதான் பொருள். இன்னொன்று, இப்போது கணிசமான குப்பை ஜிமெயில், அவுட்லுக் போன்ற பெரிய சேவைகளின் கணக்குகளிலிருந்தே வருகிறது. அந்த சர்வர்களைத் தடுத்தால் கோடிக்கணக்கானவர்களின் நல்ல அஞ்சலும் நின்றுவிடும் என்பதால் தடைப்பட்டியலால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அவற்றுக்கு அந்தந்தச் சேவையின் சொந்தப் புகார்ப் படிவமே வழி.

அப்படியானால் ஜிமெயிலில் இருக்கும் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவது போதாதா? அதுவும் பயனுள்ளதே, அழுத்துங்கள். ஆனால் அது வேறு வேலை. அது அந்தச் சேவையின் சல்லடைக்குப் பாடம் சொல்கிறது, சர்வர்காரருக்குக் கடிதம் எழுதுவதில்லை. மொத்தமாக அஞ்சல் அனுப்பும் நிறுவனங்களுக்கு அந்தப் பொத்தான் இப்போது உயிர்நாடி. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், விலகுவதற்கு ஒரே சொடுக்கில் வழி தர வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே எல்லை வந்துவிடுகிறது. அதனால்தான் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: புடவைக் கடையில் பில் போடும்போது நீங்களே முகவரி கொடுத்து, அதற்கு வரும் விளம்பரத்தைக் குப்பை என்று புகார் செய்யாதீர்கள். ஸ்பாம்காப்பிலோ அது விதிமீறலும்கூட. விலகும் சுட்டியை அழுத்துங்கள், விலகிய பிறகும் வந்தால் புகார் செய்யுங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த குப்பையில் இருக்கும் விலகும் சுட்டியை மட்டும் தொடவே வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே தகவல் கொடுத்ததாகிவிடும்.

வங்கி, வருமான வரித்துறை பெயரில் வரும் மோசடி அஞ்சல்களுக்கு ஸ்பாம்காப் மட்டும் போதாது. இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. பணம் போய்விட்டது என்றால் மின்னஞ்சல் முத்திரையை ஆராய்ந்துகொண்டிருக்காமல் முதலில் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். குறுஞ்செய்தி, தொலைபேசி விளம்பரத் தொல்லைக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏற்படுத்திய 1909 என்ற எண் இருக்கிறது. அது மின்னஞ்சலுக்குச் செல்லாது. அமெரிக்காவில் 2003இல் கேன்-ஸ்பேம் சட்டம் வந்தது போல, குப்பை மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே இங்கே நமக்கு எஞ்சியிருப்பது சர்வர்காரருக்கு எழுதும் இந்த வழிதான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புகாரில் உங்கள் முகவரியை ஸ்பாம்காப் மறைத்துத்தான் அனுப்பும். பதில் வந்தாலும் அவர்கள் வழியாகவே உங்களுக்கு வரும். ஆனால் முழு மறைவு என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. குப்பை அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு அஞ்சலின் சுட்டியிலும் பெறுபவருக்கென்று தனிக் குறியீடு வைத்திருப்பதுண்டு. சர்வர்காரரும் அவர்களுக்கு உடந்தையாக இருந்து புகாரை அப்படியே கொடுத்துவிட்டால், குறியீட்டை வைத்து உங்களைக் கண்டுகொள்ளலாம். அப்படி நடந்தால் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? தொல்லை கொடுக்கும் ஆள் என்று உங்கள் முகவரியை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். உங்களுக்குக் குப்பை குறையும், மற்றவர்களுக்குத் தொடரும். பழிவாங்குவதற்காக அதிகக் குப்பை அனுப்பியதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டு முகவரி, தொலைபேசி எண், குழந்தைகளின் பெயர் போன்றவை அஞ்சலின் உடலில் இருந்தால் அந்த அஞ்சலைப் புகார் செய்யாமல் விட்டுவிடுங்கள். திருத்தி அனுப்புவது விதிக்குப் புறம்பு, திருத்தாமல் அனுப்புவது உங்களுக்கு நல்லதல்ல.

கடைசியாக, நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் அறுநூறு. அவற்றை அனுப்ப முடியாது. இரண்டு நாளுக்கு மேல் பழையதை ஸ்பாம்காப் ஏற்பதே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் அந்த ஐபியில் இருந்தவர் இன்று இல்லாமல் போயிருக்கலாம், திருடப்பட்ட கடவுச்சொல் எப்போதோ மாற்றப்பட்டிருக்கும், சர்வரின் பதிவேடும் அழிந்திருக்கும். திருப்பூரில் எனக்கு வந்த புகார் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் அந்த 2 மணி 14 நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் எதையும் பிடித்திருக்க முடியாது. அறுநூறையும் அழித்துவிடுங்கள். நாளைக் காலை பெட்டியைத் திறக்கும்போது, இரவில் வந்தவற்றில் மேலே இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, முத்திரையைப் பார்த்து, பக்கத்தைப் படித்து, அனுப்புங்கள். எங்காவது ஒரு சர்வர்காரர் அப்போதுதான் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.